ஒரு கல்லறை, நான்கு சாட்சியங்கள்

சிலுவையில் உயிர்நீத்த இயேசுவின் உடல் வைக்கப்பட்ட கல்லறை, மூன்றாம் நாள் காலையில் வெறுமையாக இருந்தது என்பது கிறித்தவ சமயத்தின் மையச் செய்திகளுள் ஒன்று. உயிர்ப்பு ஞாயிறன்று உலகெங்கும் உள்ள தேவாலயங்களில் அச்செய்தி வாசிக்கப்படுகிறது. ஆனால், விவிலியத்தின் நான்கு நற்செய்தி நூல்களையும் அடுத்தடுத்து வைத்து அந்த ஒரு காலைப்பொழுதைப் படிப்பவர் எவரும் வியப்படையாமல் இருக்க முடியாது. கல்லறைக்குச் சென்ற பெண்கள் எத்தனை பேர், அங்கே அவர்கள் கண்டது யாரை, பெற்ற செய்தி என்ன, திரும்பிய பின் செய்தது என்ன என்று ஒவ்வொரு வினாவிலும் நால்வரும் வேறுபடுகின்றனர்.

நான் இறையியல் அறிஞன் அல்லன். கல்லூரியில் நெடுங்காலம் பொருளியல் கற்பித்தவன். ஒரே பொருளைப் பற்றி வெவ்வேறு மூலங்கள் வெவ்வேறு தகவல்களைத் தரும்போது என்ன செய்வது என்பது எங்கள் துறையில் நாள்தோறும் எழும் வினா. அந்தப் பழக்கத்தோடு படிக்கையில், இவ்வேறுபாடுகள் மூடி மறைக்கப்பட வேண்டியவையாகவோ எள்ளி நகையாடப்பட வேண்டியவையாகவோ எனக்குத் தோன்றவில்லை. அந்நூல்கள் உருவான விதத்தையும், எழுதியோரின் நோக்கங்களையும் நமக்குக் காட்டிக்கொடுப்பவை அவ்வேறுபாடுகளே.

முதலில் தகவல்களைப் பார்ப்போம். இயேசு சிலுவையில் அறையப்பட்டது கி.பி. 30-ஐ ஒட்டிய ஆண்டுகளில். நான்கு நூல்களுள் காலத்தால் முந்தியது மாற்கு, அது கி.பி. 70-ஐ ஒட்டி எழுதப்பட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. மத்தேயுவும் லூக்காவும் அதற்குப் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தும், யோவான் அந்நூற்றாண்டின் இறுதியிலும் எழுதப்பட்டதாகக் கொள்வர்.

மாற்குவின் விவரிப்பு சுருக்கமானது. ஓய்வுநாள் முடிந்ததும் மகதலேனா மரியாள், யாக்கோபின் தாய் மரியாள், சலோமே ஆகிய மூவரும் உடலுக்குப் பூச நறுமணப் பொருள்களை வாங்குகின்றனர். வாரத்தின் முதல் நாள், கதிரவன் எழுந்த வேளையில் கல்லறைக்குச் செல்கின்றனர். வாயிலை மூடிய கல் ஏற்கெனவே புரட்டப்பட்டிருக்கிறது. உள்ளே வெள்ளாடை அணிந்த இளைஞன் ஒருவன் அமர்ந்திருக்கிறான். இயேசு உயிர்த்தெழுந்தார் என்றும், அவர் கலிலேயாவுக்கு முன்னே செல்கிறார் என்பதைச் சீடர்களிடமும் பேதுருவிடமும் சொல்லுமாறும் கூறுகிறான். அப்பெண்கள் நடுநடுங்கி ஓடுகின்றனர். அச்சத்தால் எவரிடமும் எதுவும் சொல்லவில்லை.

மத்தேயுவில் செல்பவர்கள் இருவர்: மகதலேனா மரியாளும் மற்றொரு மரியாளும். நறுமணப் பொருள்களைப் பற்றிய பேச்சே இல்லை. அவர்கள் கல்லறையைப் பார்க்கத்தான் செல்கின்றனர். நிலநடுக்கம் உண்டாகிறது. வானிலிருந்து இறங்கிய தூதன் கல்லைப் புரட்டி அதன்மேல் அமர்கிறான். காவல் வீரர்கள் செத்தவர்போல் ஆகின்றனர். பெண்களோ அச்சமும் பெருமகிழ்ச்சியும் கொண்டு சீடர்களிடம் சொல்ல ஓடுகின்றனர். வழியில் இயேசுவே அவர்களைச் சந்திக்கிறார்.

லூக்காவில் மகதலேனா மரியாள், யோவன்னா, யாக்கோபின் தாய் மரியாள் ஆகியோருடன் வேறு பெண்களும் உள்ளனர். நறுமணப் பொருள்களை ஓய்வுநாளுக்கு முன்னரே ஆயத்தம் செய்துவிடுகின்றனர். அவர்கள் காண்பது ஒளிவீசும் உடையணிந்த இரண்டு மனிதர்களை. செய்தியை அவர்கள் சீடர்களிடம் சேர்க்கின்றனர். சீடர்கள் அதை வெற்றுப் பிதற்றல் என்று தள்ளிவிடுகின்றனர்.

யோவானில் காட்சி முற்றிலும் மாறுகிறது. இருள் நீங்கும் முன்பே மகதலேனா மரியாள் தனியாக வருகிறார். கல் அகற்றப்பட்டிருப்பதைக் கண்டு பேதுருவிடமும் மற்றொரு சீடரிடமும் ஓடுகிறார். அவ்விருவரும் ஓடிவந்து, சுற்றிய துணிகள் மட்டும் கிடப்பதைப் பார்த்துத் திரும்புகின்றனர். அழுதுகொண்டு நிற்கும் மரியாள் பின்னர்தான் இரண்டு தூதர்களைக் காண்கிறார்; இயேசுவையும் காண்கிறார், ஆனால் தோட்டக்காரர் என்று எண்ணுகிறார். நறுமணப் பொருளுக்கு இந்நூலில் தேவையே இல்லை. நிக்கொதேமு கொண்டுவந்த நூறு ராத்தல், அதாவது ஏறத்தாழ 33 கிலோ, வெள்ளைப்போளக் கலவையுடன் உடல் முன்பே அடக்கம் செய்யப்பட்டுவிட்டது.

இந்த வேறுபாடுகளை இன்றைய பகுத்தறிவாளர்கள்தாம் கண்டுபிடித்தனர் என்று எண்ணுவது தவறு. தொடக்ககாலத் திருச்சபையே அவற்றை நன்கறிந்திருந்தது. இரண்டாம் நூற்றாண்டில், கி.பி. 170-ஐ ஒட்டி, தாத்தியான் என்னும் அறிஞர் நான்கு நூல்களையும் இழைத்து ஒரே தொடர்கதையாக்கினார். தியாத்தெஸ்ஸரோன் எனப்படும் அந்நூல் சிரியத் திருச்சபைகளில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வழிபாட்டில் வழங்கியது. நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் யூசேபியு, இக்கல்லறைக் காட்சிகளின் முரண்களைக் குறித்தே எழுந்த கேள்விகளுக்கு விடை எழுதினார். கி.பி. 400-ஐ ஒட்டி அகுஸ்தீன், நற்செய்தியாளர்களின் இசைவைப் பற்றித் தனி நூலே இயற்றினார்.

இசைவு காணும் முயற்சி எளிதில் ஒதுக்கத்தக்கதும் அன்று. யோவானில் தனியாக வரும் மரியாள், உடலை எங்கே வைத்தார்களோ எங்களுக்குத் தெரியவில்லை என்ற பொருளில் பன்மையில் பேசுகிறார். ஆகவே உடன் வேறு பெண்களும் இருந்திருக்கலாம் என்று வாதிட இடமுண்டு. இரண்டு தூதர்கள் இருந்தால் ஒருவர் இருந்தார் என்பதும் பொய்யாகாது. ஆனால், ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்க்க ஒரு புதிய ஊகம் தேவைப்படுகிறது. அச்சத்தால் எவரிடமும் சொல்லவில்லை என்ற மாற்குவின் முடிவையும், மகிழ்ச்சியோடு சொல்ல ஓடினர் என்ற மத்தேயுவின் முடிவையும் ஒட்டவைக்கும்போது, கிடைப்பது நான்கு நூல்களில் எதிலும் இல்லாத ஐந்தாவது கதையாகிவிடுகிறது.

இதற்கு நேர் எதிர்த்திசையில் சென்றவர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கீழை மொழிகள் கற்பித்த ஹெர்மன் சாமுவேல் ரைமாரஸ். தாம் எழுதியதை வாழ்நாளில் அவர் வெளியிடவில்லை. 1768-இல் அவர் மறைந்த பின், எழுத்தாளர் லெஸ்ஸிங் ஆசிரியர் பெயரைக் குறிப்பிடாமல் அதன் பகுதிகளை வெளியிட்டார். உயிர்ப்புச் செய்தி பற்றிய பகுதி 1777-இல் வெளிவந்தது. கல்லறை விவரிப்புகளில் பத்து முரண்பாடுகளை எடுத்துக்காட்டிய ரைமாரஸ், சாட்சிகள் இவ்வளவு முரண்படுவதால் செய்தியே பொய் என்றும், சீடர்கள் உடலை அகற்றிவிட்டு உயிர்ப்பைப் புனைந்தனர் என்றும் முடிவு கட்டினார்.

சுவையான செய்தி என்னவெனில், அதை வெளியிட்ட லெஸ்ஸிங்கே அந்த முடிவை ஏற்கவில்லை. முரண்பாடுகள் உண்மையானவை என்று அவர் ஒப்புக்கொண்டார். அவற்றை மழுப்ப முயன்றோரைக் கண்டித்தார். ஆனால், ஒரு போரைப் பற்றி லிவியும் பொலிபியுவும் போன்ற பண்டைய வரலாற்றாசிரியர்கள் நுணுக்கங்களில் முரண்பட்டால், போரே நடக்கவில்லை என்று நாம் சொல்வதில்லையே என்று 1778-இல் கேட்டார். எழுதியோரிடையே உள்ள முரண், கண்டோரிடையே இருந்த முரண் ஆகிவிடாது என்பது அவர் வாதம்.

இசைவு காண விழைந்தோரும் ரைமாரஸும் எதிரெதிர் அணியினர் எனினும், இரு தரப்பும் ஓர் எடுகோளைப் பகிர்ந்துகொள்கின்றன. நான்கு நூல்களையும் நீதிமன்றக் கூண்டில் ஏறிய நான்கு தனித்தனிச் சாட்சிகளாகவே இருவரும் கருதுகின்றனர். அந்த எடுகோளைத்தான் அடுத்து வந்த ஆய்வு அசைத்தது.

1770-களில் ஜெர்மானிய அறிஞர் கிரீஸ்பாக், மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்றையும் பக்கம் பக்கமாக மூன்று பத்திகளில் அச்சிட்டார். அவற்றைக் கதையாக இணைக்காமல், ஒப்பிட வசதியாக நிறுத்தினார். அவ்வாறு ஒப்பிட்ட ஆய்வுகளின் விளைவாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலுப்பெற்ற முடிவு இது: மத்தேயுவும் லூக்காவும் மாற்குவைக் கையில் வைத்துக்கொண்டே எழுதினர். மாற்குவின் உள்ளடக்கத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு மத்தேயுவில் காணப்படுகிறது. சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகும் இடங்களும் பல.

புள்ளியியல் கற்றவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். ஒரே அட்டவணையிலிருந்து படியெடுத்த மூன்று அட்டவணைகள் மூன்று சான்றுகள் ஆகா. அவை ஒத்துப்போவது புதிதாக எதையும் நிறுவுவதில்லை. ஆனால், படியெடுத்தவர் எங்கே மூலத்தை மாற்றினார் என்பது மிகுந்த பயன் தரும் தகவல். ஏனெனில், அது தவறிப்போன நினைவு அன்று. தெரிந்தே எடுத்த முடிவு.

இந்தக் கண்ணோட்டத்தில் கல்லறைக் காட்சியை மீண்டும் பார்ப்போம். மாற்குவில் சீடர்கள் கலிலேயாவுக்குச் செல்ல வேண்டும் என்பதே செய்தி. லூக்காவிலும் கலிலேயா என்ற சொல் வருகிறது. ஆனால் பொருள் தலைகீழாகிவிட்டது. கலிலேயாவில் இருந்தபோது அவர் சொன்னதை நினைவுகூருங்கள் என்று அங்குள்ள இருவரும் பெண்களுக்கு உணர்த்துகின்றனர். போக வேண்டிய ஊர் நினைக்க வேண்டிய ஊராகிவிட்டது. காரணம் தெளிவு. லூக்காவின் திட்டத்தில் சீடர்கள் எருசலேமை விட்டு நகரக் கூடாது. அவர் எழுதிய இரண்டாம் நூலான திருத்தூதர் பணிகள், எருசலேமில் தொடங்கி ரோமை நோக்கிச் செல்வது.

மத்தேயுவில் மட்டும் காவல் வீரர்கள் வருவதற்கும் காரணம் அந்நூலிலேயே இருக்கிறது. சீடர்கள் உடலைத் திருடிச் சென்றனர் என்ற பேச்சு தம் காலம்வரை பரவியிருப்பதாக மத்தேயுவே குறிப்பிடுகிறார். எதிர்த்தரப்பின் அந்தக் குற்றச்சாட்டுக்கு விடையாகவே முத்திரையிட்ட கல்லும், காவலும், காவலர்க்குக் கொடுத்த கையூட்டும் அவர் கதையில் இடம்பெறுகின்றன. அவை நடந்தனவா என்பது ஒருபுறம் இருக்கட்டும். கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் என்ன வாதம் நடந்துகொண்டிருந்தது என்பதற்கு அது நேரடிச் சான்று.

எல்லாவற்றிலும் வியப்புக்குரியது மாற்குவின் முடிவு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் சுவடிகள் இரண்டிலும் அந்நூல், பெண்கள் அஞ்சி வாய்மூடியதோடு நின்றுவிடுகிறது. திருத்தமான படிகள் அங்கேயே முடிகின்றன என்று யூசேபியுவும் பதிவு செய்திருக்கிறார். இன்று அச்சில் காணும் அடுத்த பன்னிரண்டு வசனங்கள் பிற்காலச் சேர்க்கை என்பது பெரும்பான்மை ஆய்வாளர்களின் முடிவு. தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் முயற்சியால் அச்சாகி 1715-இல் நிறைவுற்றபோது, சினாய்ச் சுவடி ஆய்வுலகின் பார்வைக்கே வந்திருக்கவில்லை.

அந்த முடிவு மற்ற இருவரையும் எவ்வாறு அலைக்கழித்தது என்பதை நூல்களே காட்டுகின்றன. பெண்கள் வாய்மூடும் வரை மத்தேயுவும் லூக்காவும் ஏறத்தாழ ஒரே தடத்தில் நடக்கின்றனர். அதன்பின் இருவரும் முற்றிலும் பிரிகின்றனர். ஒருவர் கலிலேயாவின் மலைக்குச் செல்கிறார். மற்றவர் எம்மாவு ஊரின் சாலைக்கும் எருசலேமுக்கும் செல்கிறார். இருவருக்கும் வழிகாட்டிய மூலம் அங்கே தீர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல தடயம் வேண்டுமா? நூல்கள் ஒன்றுபோல் இருந்திருந்தால் இது நமக்குத் தெரியவே வாய்ப்பில்லை.

மாற்றாமல் நிற்பவை எவை? வாரத்தின் முதல் நாள், விடியலை ஒட்டிய வேளை, அகன்ற கல், இல்லாத உடல். இவற்றோடு ஒரு பெயரும் மாறாமல் நிற்கிறது: மகதலேனா மரியாள். பெண்களின் சாட்சியத்தை ஏற்கலாகாது என்று அந்நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியிருக்கிறார். இரண்டாம் நூற்றாண்டில் செல்சு என்னும் கிரேக்க அறிஞர், வெறிபிடித்த ஒரு பெண்ணின் பேச்சு என்று இதையே எள்ளினார். நற்செய்தி நூல்கள் எதற்கும் முன்னதாக, கி.பி. 50-களின் நடுவில், பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய மடலில் உயிர்த்த இயேசுவைக் கண்டோரின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் பேதுரு இருக்கிறார், யாக்கோபு இருக்கிறார், ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இருக்கின்றனர். பெயர் சொல்லி ஒரு பெண்ணும் இல்லை.

தமக்குச் சங்கடம் தரும் ஒரு தகவலை ஒருவர் வலிந்து புனைவதில்லை. ஆகவே பெண்கள் முதலில் சென்றனர் என்பது பழமையான மரபாக இருக்க வேண்டும் என்ற வாதம் வலுவானது. அதற்கும் எல்லை உண்டு. இறந்தவர் உடலுக்கு நறுமணம் பூசுவது பெண்கள் செய்த பணி. மாற்குவின் கதையிலோ ஆண் சீடர்கள் முன்பே ஓடிவிட்டனர். கதையின் போக்கிலேயே அங்கே பெண்கள்தாம் இருக்க முடியும். ஒரு சான்றின் வலுவைச் சொல்பவர் அதன் எல்லையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நான்கு நூல்களும் ஒன்றுபடும் மற்றோர் இடம் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. உயிர்த்தெழும் கணத்தை நால்வரில் ஒருவரும் வருணிக்கவில்லை. எகிப்தின் அக்மீம் நகரில் 1886-87 குளிர்காலத்தில் கிடைத்த, இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பேதுரு நற்செய்தி அந்த வெற்றிடத்தை நிரப்பத் துணிகிறது. அதில் வானளாவிய தலைகளோடு மூவர் கல்லறையிலிருந்து வெளிவருகின்றனர். பின்னால் வரும் சிலுவை வாய்திறந்து பேசுகிறது. அதைப் படித்த பின்தான் மற்ற நால்வரின் அடக்கம் நமக்கு விளங்குகிறது.

அதுமட்டுமன்று, வெறுங்கல்லறை தன்னளவில் எதையும் நிறுவிவிடாது என்பதையும் அந்நூல்கள் அறிந்தே இருக்கின்றன. மாற்குவில் அது அச்சத்தைத் தருகிறது. லூக்காவில் பேதுருவுக்கு வியப்பை மட்டும் தருகிறது. யோவானில் மரியாள், யாரோ உடலை எடுத்துப்போயினர் என்றே முடிவு செய்கிறார். அதே நூலில் துணிகளைக் கண்டதும் நம்பிய சீடர் ஒருவரே விதிவிலக்கு. இல்லாத உடலுக்குப் பல விளக்கங்கள் இருக்க முடியும் என்ற ஐயத்தை முதலில் எழுப்பியவர்கள் அக்கதையின் மாந்தர்களே.

எங்கள் துறையிலிருந்து ஓர் ஒப்புமை. இந்தியாவில் மாதிரி ஆய்வு காட்டும் குடும்ப நுகர்வுச் செலவும், தேசியக் கணக்குகள் காட்டும் நுகர்வுச் செலவும் ஒத்துப்போவதில்லை. வறுமையைக் கணக்கிட்ட திட்டக்குழு, ஒரு காலத்தில் ஆய்வின் எண்களை எல்லா வருவாய்ப் பிரிவினர்க்கும் ஒரே விகிதத்தில் உயர்த்தி, தேசியக் கணக்கோடு பொருத்திவிட்டது. லக்டவாலா தலைமையிலான வல்லுநர் குழு 1993-இல் அந்தப் பொருத்தலைக் கைவிடப் பரிந்துரைத்தது. விடுபட்ட செலவு ஏழைக்கும் செல்வர்க்கும் ஒரே விகிதத்தில் பரவியிருக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. பொருத்திய எண் அழகாக இருந்தது. வறுமையைப் பற்றிய உண்மை அதனுள் புதைந்துபோனது.

திருச்சபையின் வரலாற்றிலும் அத்தகைய ஒரு தருணம் உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில் சீரு நகரின் ஆயர் தியோதரேத்து, தம் ஆளுகையில் வழங்கிய தாத்தியானின் இணைப்பு நூல்களில் இருநூறுக்கும் மேற்பட்ட படிகளைத் திரட்டி அகற்றினார். அவற்றுக்கு மாற்றாக நான்கு தனித்தனி நூல்களை வைத்தார். தாத்தியான் வழிதவறியவர் என்ற சமயக் காரணமே அவரைத் தூண்டியது. வரலாற்று ஆர்வம் அன்று. எனினும் விளைவு பெரிது. முரணற்ற ஒரே கதையைக் கையில் வைத்திருந்த ஒரு சமூகம், ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு கதைகளுக்குத் திரும்பியது. எதிரிகள் சுட்டிக்காட்டுவார்கள் என்று தெரிந்தும் அந்நான்கும் காக்கப்பட்டன.

இவ்வேறுபாடுகள் உயிர்ப்பை மறுத்துவிடுகின்றனவா? இல்லை, லெஸ்ஸிங்கின் விடை இன்றும் செல்லும். அவை உயிர்ப்பை மெய்ப்பிக்கின்றனவா? அதுவும் இல்லை. நுணுக்கங்களில் வேறுபடுவதாலேயே சாட்சிகள் நேர்மையானவர்கள் என்று சிலர் வாதிடுவர். படியெடுத்து மாற்றியவர்களுக்கு அந்த வாதம் பொருந்தாது. இறந்த ஒருவர் எழுந்தாரா என்பது வரலாற்று முறையியலின் எல்லைக்கு அப்பால் நிற்கும் வினா. அதற்கு நம்புவோர் நம்பிக்கையால் விடை சொல்கின்றனர். நம்பாதோர் தம் உலகப் பார்வையால் விடை சொல்கின்றனர்.

ஆனால், இந்நூல்களை எப்படிப் படிப்பது என்பது எல்லோர்க்கும் பொதுவான வினா. எந்தச் சமயத்தின் பழநூலாயினும் இரண்டு வரிகளைப் பிய்த்தெடுத்து, முரண் கண்டோம் என்று முழங்குவதும், முரணே இல்லை என்று சினந்தெழுவதும் இன்று மலிந்துவிட்டன. இரண்டுக்கும் நூலை முழுதாகப் படிக்க வேண்டிய தேவை இருப்பதில்லை. மாற்குவையும் லூக்காவையும் அருகருகே வைத்து, கலிலேயா என்ற ஒரு சொல் இடம்பெயர்வதைக் கவனிக்கும் வாசகர், நம்புகிறவராயினும் நம்பாதவராயினும், அந்த முழக்கங்கள் ஆயிரம் தர முடியாததைப் பெறுகிறார். நான்கு மனிதர்கள், நான்கு ஊர்களின் கவலைகளோடு, தமக்குக் கிடைத்த அரிய செய்தியைக் கைமாற்றிய விதம் அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).